நீர்ப்பம்பியிலும் நீர்வால்விலும் மின்னோட்டத்தைக் கண்காணித்தல்

நுவரெலியா, நானு ஓயா, கந்தப்பளை, இராகலை, அட்டன் ஆகிய பகுதிகளிலே தேயிலைத் தோட்டங்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களிலும் சரிவுகளிலும் கோவா, கரட், லீக்ஸ், பீற்றூட், உருளைக்கிழங்கு முதலிய பயிர்கள் செய்கைபண்ணப்பட்டு வருகின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் இப்பயிர்களுக்கு மழைநீரே போதியதாகும். ஆயின் தை மாதம் தொடக்கம் பங்குனி மாதம் வரையுள்ள வரண்ட காலத்தில் ஓடையிலிருந்தோ கிணற்றிலிருந்தோ நீரை மேலேற்றிப் பாய்ச்சினாலன்றிப் பயிர் நிலைபெறாது. அந்நீரை மேலேற்றும் பணியை இக்காலத்தில் மின்மோட்டரோடு இணைந்த பம்பியே பெரிதும் செய்து வருகின்றது.

பம்பி பழுதடைவது பெரும்பாலும் அது மிகுதியாகத் தேவைப்படும் வேளையிலேயே ஆகும். ஓடையில் நீர் குறைந்து, நாள்தோறும் பல மணி நேரம் ஓய்வின்றி ஓடும்போதுதான் மோட்டர் சூடேறிக் கருகுகின்றது. கருகிய மோட்டரைக் கழற்றி, நகருக்குக் கொண்டுசென்று, சுற்றுக்கம்பியை மீளச் சுற்றுவித்துத் திரும்பக் கொண்டுவருவதற்குள் பல நாட்கள் கழிந்துவிடும். நட்டுச் சில நாட்களே ஆன கோவாக் கன்றும், முளைத்துவரும் கரட் பாத்தியும் அத்தனை நாட்களுக்குத் தாங்கமாட்டா. விதைக்கும் பசளைக்கும் கூலிக்கும் இட்ட பணம் அனைத்தும் ஒரு மோட்டரோடு அழிந்துபோவதுண்டு.

இத்தகைய அழிவு முன்னறிவிப்பின்றி வருவதன்று. மோட்டர் கருகுவதற்கு முன்னரே அதனூடாகச் செல்லும் மின்னோட்டம் மாறத் தொடங்குகின்றது. நோயாளியின் நாடியைப் பிடித்து வைத்தியர் நோயை அறிவது போல, மின்னோட்டத்தை அளந்து பம்பியின் நிலையை அறியலாம். இதற்கான முறைகளும் கருவிகளும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

மலைநாட்டில் மின்சாரம்

இலங்கையில் நீர்மின்சாரத்தின் வரலாறு மத்திய மலைநாட்டோடு பிணைந்ததாகும். தேயிலைத் தொழிற்சாலைகளின் உருட்டு இயந்திரங்களையும் உலர்த்திகளையும் இயக்கும் பொருட்டுத் தோட்டங்கள் பலவற்றிலே ஓடைநீரைக் கொண்டு நீர்ச்சக்கரங்களும் சிறிய நீர்ச்சுழலிகளும் அமைக்கப்பட்டன. பொறியியலாளர் தே. ஜ. விமலசுரேந்திர அவர்கள் 1912ஆம் ஆண்டில் நானு ஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள பிளக்பூல் என்னுமிடத்தில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைத்து நுவரெலியா நகருக்கு ஒளி வழங்கச் செய்தார். மலைநாட்டு ஆறுகளைக் கொண்டு நாடு முழுவதற்கும் மின்சாரம் பெறலாம் என்பதை அவர் 1918ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுரை மூலம் எடுத்துக்காட்டினார். அதன் பயனாக இலக்சபான மின்னிலையம் 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. நோட்டன் பிரிட்ஜில் அமைந்த, அவர் பெயர் தாங்கிய மின்னிலையம் 1965ஆம் ஆண்டிலும், தலவாக்கலையில் நீரைத் தேக்கும் மேல் கொத்மலை மின்னிலையம் 2012ஆம் ஆண்டிலும் அதனைத் தொடர்ந்தன.

இவ்வாறு மின்சாரம் பிறக்கும் மலைகளிலேயே, கமக்காரனின் பம்பி சில வேளைகளில் போதிய மின்னழுத்தம் இன்றித் தவிப்பதும் உண்டு. மின்மாற்றியிலிருந்து நெடுந்தூரம் சரிவுகளினூடாக இழுக்கப்பட்ட கம்பியின் கடைக்கோடியில், மாலை வேளையில் எல்லா வீடுகளிலும் விளக்கேற்றப்படும்போது, 230 வோல்ற்றாக இருக்கவேண்டிய அழுத்தம் தாழ்ந்துவிடுகின்றது. அழுத்தம் தாழ்ந்தால் மோட்டர் மெதுவாக ஓய்வெடுக்கும் என்று எண்ணுதல் தவறு. அதே சுமையைத் தூக்குவதற்காக அது முன்னையிலும் மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கின்றது. முழுச் சுமையோடு ஓடும் மோட்டரில் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையுமாயின், மின்னோட்டமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் உயரும்.

அம்பியரும் வெப்பமும்

குழாயில் ஒரு நிமிடத்திற்கு எத்தனை கலன் நீர் செல்கின்றது என்று அளப்பது போல, கம்பியில் செல்லும் மின்னோட்டம் அம்பியரில் அளக்கப்படுகின்றது. நீரைத் தள்ளும் உயரத்திற்கு ஒப்பானது வோல்ற்று. நீரோட்டத்தைத் தடுக்கும் குழாயின் ஒடுக்கத்திற்கு ஒப்பானது ஓம் என்னும் தடை.

கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்கின்றது என்பதை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மோட்டர் தொடங்கும் கணத்தில் அது தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கின்றது. ஓரிரு செக்கனில் வேகம் பெற்றதும் அது தணிந்துவிடுவதால் தீங்கு நேர்வதில்லை. ஆனால் பம்பியின் சுழலியில் கல்லோ கந்தையோ சிக்கி அச்சு சுழலாது நின்றுவிட்டால், அந்த மிகை மின்னோட்டம் தணியாது நிலைத்துவிடும். மின்னோட்டம் 6 மடங்கெனின் வெப்பம் 36 மடங்காகும். சுற்றுக்கம்பியின் மேற்பூச்சு கருகுவதற்கு அதன்பின் நெடுநேரம் வேண்டியதில்லை.

சிறிய மிகையும் நாளடைவில் தீங்கு விளைவிப்பதே. சுற்றுக்கம்பியின் காப்பு, அதற்கு விதிக்கப்பட்ட வெப்பநிலைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் உயர்வுக்கும் தன் ஆயுளில் ஏறத்தாழப் பாதியை இழக்கின்றது என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொது விதியாகும். பத்தாண்டு உழைக்கவேண்டிய மோட்டர் மூன்றாண்டில் அழிவதற்கு இதுவே காரணம்.

உருகி இருப்பதால் மோட்டர் பாதுகாப்பாக உள்ளது என்று சிலர் கருதுவர். உருகி, கம்பிகள் ஒன்றோடொன்று முட்டும்போது நேரும் பெரும் மின்னோட்டத்தைத் துண்டிப்பதற்கே ஏற்றது. தொடக்க மின்னோட்டத்தைத் தாங்கவேண்டியிருப்பதால் அது மோட்டரின் அளவிலும் பெரியதாகவே இடப்படுகின்றது. ஆகவே 6 அம்பியர் மோட்டர் 8 அம்பியரில் நாள் முழுதும் வெந்துகொண்டிருந்தாலும் உருகி அறுவதில்லை. அறுந்த உருகிக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றிவிடும் வழக்கமோ, உள்ள காப்பையும் அழித்துவிடுவதாகும்.

பம்பி கூறும் செய்திகள்

மோட்டரின் மேல் பொருத்தப்பட்ட பெயர்த்தகட்டில் அதன் முழுச் சுமை மின்னோட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக அது 6 அம்பியர் எனக் கொள்வோம். பம்பி புதியதாயிருக்கும்போது, குழாய்கள் செவ்வையாக உள்ள நிலையில், அளந்து பார்த்தால் 5.5 அம்பியர் காணப்படுகின்றது எனவும் கொள்வோம். இந்த 5.5 என்ற எண்ணே அப்பம்பியின் இயல்பான நாடியாகும். அதிலிருந்து ஏறினாலும் இறங்கினாலும் ஒரு காரணம் உண்டு.

மின்னோட்டம் இறங்குவது நன்மை என்று எண்ணலாகாது. மையநீக்கப் பம்பியில் நீர் இல்லாவிடின் தூக்குவதற்குச் சுமை இல்லை. ஆதலின் மின்னோட்டம் குறைகின்றது. கிணறு வற்றியிருக்கலாம், அடிவால்வில் இலை அடைத்திருக்கலாம், உறிஞ்சு குழாயின் மூட்டில் காற்றுப் புகுந்திருக்கலாம். நீரின்றி ஓடும் பம்பியில் அச்சைச் சுற்றியுள்ள அடைப்பு வளையம் குளிர்ச்சியை இழந்து சில நிமிடங்களில் கருகிவிடும். வெளியேற்றும் குழாயின் வால்வு மூடியிருந்தாலும், மண் அடைத்திருந்தாலும்கூட மின்னோட்டம் குறையவே செய்யும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்குப் பம்பியின் வாயிலில் ஓர் அழுத்தமானி இருத்தல் நன்று. நீர் இல்லையெனின் அழுத்தமும் இறங்கும்; வழி அடைபட்டதெனின் அழுத்தம் ஏறும்.

மின்னோட்டம் ஏறுவதற்கும் காரணங்கள் பல. குண்டுப்போதிகை தேய்ந்திருத்தல், சுழலி உராய்தல், மின்னழுத்தம் தாழ்ந்திருத்தல் என்பன அவற்றுட் சில. மேலே செல்லும் குழாய் நடுவழியில் வெடித்துவிட்டாலும் மையநீக்கப் பம்பியின் மின்னோட்டம் ஏறுவதுண்டு. உயரத் தள்ளவேண்டிய தடை நீங்கியதும் பம்பி மிகுதியான நீரை வெளியேற்றத் தொடங்கி, அதற்கேற்ப மிகுதியான வலுவைக் கேட்பதே இதற்குக் காரணம். சரிவின் மேலுள்ள பாத்தியில் நீர் வராததையும், கீழே அம்பியர் ஏறியிருப்பதையும் சேர்த்துப் பார்ப்பவர் குழாய் உடைந்த செய்தியைப் பம்பியின் அருகிலிருந்தே அறிந்துகொள்வர்.

மூன்று கட்ட மின்சாரத்தில் ஓடும் மோட்டர்களுக்கு மற்றுமோர் இடையூறு உண்டு. மூன்று கம்பிகளுள் ஒன்று அறுந்துவிட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டர் நிற்பதில்லை; எஞ்சிய இரு கம்பிகளில் முழுச் சுமையையும் ஏற்றிக்கொண்டு ஓடும். அப்போது அவற்றின் மின்னோட்டம் ஏறத்தாழ 1.7 மடங்காக உயர்கின்றது. கம்பி அறாது, மூன்று கட்டங்களின் அழுத்தத்தில் சிறு வேறுபாடு இருப்பினும், மின்னோட்டத்தில் அவ்வேறுபாடு 6 முதல் 10 மடங்காகப் பெருகித் தோன்றும். ஆகவே மூன்று கம்பிகளையும் தனித்தனியே அளந்து ஒப்பிடுதல் வேண்டும்.

உயரமான இடத்தின் தனி இயல்பு

நுவரெலியா நகர் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு வளியின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கேயாகும். பம்பி நீரை உறிஞ்சுவதாகச் சொல்லப்படினும், உண்மையில் வளியின் அழுத்தமே நீரை உறிஞ்சு குழாயில் மேலே தள்ளுகின்றது. கடற்கரையில் வளியழுத்தம் தாங்கக்கூடிய நீரின் உயரம் 10.3 மீற்றர். நுவரெலியாவில் அது ஏறத்தாழ 8.2 மீற்றர், அட்டனில் ஏறத்தாழ 8.9 மீற்றர். உராய்வு முதலிய இழப்புகளைக் கழித்தால், கொழும்பில் 7 மீற்றர் ஆழத்திலிருந்து நீரிழுக்கும் பம்பி நுவரெலியாவில் 5 மீற்றருக்கு மேல் இழுப்பது அரிது. பம்பியோடு வந்த விளக்கப் பத்திரத்தை மட்டும் நம்பி அதனை மேட்டில் வைப்பவர், நீர்மட்டம் தாழும் மாசி மாதத்தில் பம்பி காற்றையே மெல்லுவதைக் காண்பர். அப்போது மின்னோட்டம் தாழ்ந்தும் நிலையின்றித் துடித்தும் காணப்படும். பம்பியை நீர்மட்டத்திற்கு அண்மையில் இறக்கி வைப்பதே பரிகாரம்.

வளி ஐதாயிருப்பதால் மோட்டரைக் குளிர்விக்கும் ஆற்றலும் குறைகின்றது. பொதுவாக மோட்டர்கள் 1,000 மீற்றர் உயரத்திற்கும் 40 பாகை சூழல் வெப்பத்திற்கும் உட்பட்டே கணிக்கப்படுகின்றன. மலைநாட்டின் குளிர்ந்த சூழல் இக்குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். ஆயினும் களவுக்கும் மழைக்கும் அஞ்சி மோட்டரைத் தகரப் பெட்டியினுள் காற்றுப்புகாதவாறு அடைத்துவைப்பவர் அந்த நன்மையை இழந்துவிடுகின்றனர்.

வரிச்சுருள் வால்வு

பொலித்தீன் கூடாரங்களில் குடைமிளகாய், தக்காளி, சலாது முதலியவற்றைப் பயிரிடுவோர் துளி நீர்ப்பாசனத்தைக் கைக்கொள்ளுகின்றனர். குறித்த வேளையில் குறித்த வரிசைக்கு நீரைத் திறந்துவிடும் பணியை மின்னால் இயங்கும் வால்வுகள் செய்கின்றன. கடைகளில் சொலனோயிட் வால்வு எனப்படும் இதன் உள்ளே செப்புக்கம்பியாலான வரிச்சுருள் ஒன்றும், அதன் நடுவே அசையும் இரும்புத் தண்டு ஒன்றும் உள. மின்னோட்டம் பாயும்போது சுருள் காந்தமாகித் தண்டை உள்ளிழுக்கின்றது, நீர்வழி திறக்கின்றது. மின்னோட்டம் நின்றதும் வில் தண்டைப் பழைய இடத்திற்குத் தள்ளிவிடுகின்றது.

மோட்டர் நின்றால் ஓசை நின்றுவிடுவதால் எவரும் அறிவர். வால்வு திறவாமற்போனாலோ, பயிர் வாடும்வரை அது தெரிவதில்லை. தென்னந்தும்புப் பையில் வளரும் பயிருக்கு வேரைச் சுற்றியுள்ள நீர் மிகச் சிறிதேயாதலால், வெயில் மிக்க ஒரு நாளின் தவறுதலும் பூவையும் பிஞ்சையும் உதிர்த்துவிடும். ஆகவே வால்வின் மின்னோட்டத்தை அளத்தல் மோட்டரின் மின்னோட்டத்தை அளத்தலிலும் குறைந்த தேவையன்று.

வால்வுக்குக் கட்டளை அனுப்பியபோது மின்னோட்டம் முற்றாக இல்லையெனின், கம்பியோ சுருளோ அறுந்துள்ளது. மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சியிருப்பின், சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டியுள்ளன. நேரோட்ட மின்சாரத்தில் இயங்கும் சுருளில் மற்றொரு நுண்ணிய அடையாளமும் காணலாம். மின்சாரம் கொடுக்கப்பட்டதும் மின்னோட்டம் படிப்படியாக உயரும். தண்டு உள்ளே பாயும் கணத்தில் அது எதிர்மின்னழுத்தத்தை எழுப்புவதால், உயர்ந்துகொண்டிருந்த மின்னோட்டம் சற்றே தாழ்ந்து, பின் மீண்டும் உயர்ந்து நிலைபெறும். இந்தச் சிறு பள்ளம் தோன்றினால் தண்டு அசைந்தது என்றும், தோன்றாவிடின் தண்டு சிக்கிக்கொண்டது என்றும் அறியலாம். இவையனைத்தும் ஒரு செக்கனின் மிகச் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுவதால், கண்ணால் பார்க்கும் மானி இதற்குப் போதாது.

ஆடலோட்ட மின்சாரத்தில் இயங்கும் சுருளின் இயல்பு வேறாகும். அதில் தண்டு உள்ளே சென்றபின்னரே மின்னோட்டம் தணிகின்றது. மண்துகளால் தண்டு சிக்கிக்கொண்டால் மின்னோட்டம் தணியாது நின்று சுருளைக் கருக்கிவிடும். நீர்த்தொட்டிக்கும் வால்வுக்கும் இடையில் வடிகட்டி வைத்து, அதனை அடிக்கடி கழுவுதல் இதனால் இன்றியமையாததாகின்றது.

சுருளின் வெப்பத்தையும் மின்னோட்டம் காட்டிக்கொடுக்கும். செம்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியஸ் வெப்பத்திற்கும் ஏறத்தாழ 0.4 வீதம் உயர்கின்றது. 12 வோல்ற்றில் 24 ஓம் தடையுள்ள சுருள் குளிர்ந்திருக்கும்போது 0.5 அம்பியரை ஏற்கும். அது 50 பாகை சூடேறினால் தடை ஏறத்தாழ 29 ஓமாகி, மின்னோட்டம் 0.42 அம்பியராகக் குறையும். காலையில் திறந்த வால்வு நண்பகலில் திறக்க மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தண்டு ஒருமுறை உள்ளே சென்றுவிட்டால், அதனைப் பிடித்துவைப்பதற்குச் சிறிய மின்னோட்டமே போதும். ஆதலின் நல்ல கட்டுப்படுத்திகள் திறந்தபின் மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகின்றன. அதனைப் பாதியாக்கினால் சுருளின் வெப்பம் காற்பங்காகிவிடும். மின்கலத்தின் வலுவும் மீதமாகும்.

சிறு வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டும் கருவி

மின்னோட்டத்தை இடைவிடாது கண்காணிப்பதற்கு ஒரு சிறிய உபாயம் உண்டு. மின்னோட்டம் செல்லும் வழியில் மிகக் குறைந்த தடையுள்ள உலோகத் துண்டு ஒன்றை இணைத்து, அதன் இரு முனைகளுக்கும் இடையில் தோன்றும் மின்னழுத்த வேறுபாட்டை அளந்தால், அதிலிருந்து மின்னோட்டத்தைக் கணக்கிடலாம். இதனை உணர்தடை என்பர்.

இத்தடை ஏன் மிகச் சிறியதாக இருத்தல் வேண்டும்? 1 ஓம் தடையை இட்டு 5 அம்பியரைச் செலுத்தினால் 5 வோல்ற்று வீணாகி, 25 வாற்று வெப்பமும் உண்டாகும். அதற்குப் பதிலாக ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடையை இட்டால், இழப்பது 50 மில்லிவோல்ற்றே. வெப்பமும் கால் வாற்றே. ஆனால் 50 மில்லிவோல்ற்று என்பது கட்டுப்படுத்தும் கருவி செம்மையாக உணர்ந்துகொள்ள இயலாத அற்ப அளவாகும். எனவே அதனை 50 மடங்கு பெருக்கி 2.5 வோல்ற்றாக்கிக் கொடுப்பதற்கு ஒரு பெருக்கி வேண்டப்படுகின்றது. நகத்தளவான சில்லினுள் அடங்கும் இதனை மின்னோட்டமுணர் பெருக்கி எனலாம்.

இப்பெருக்கியின் தனித்திறமை வேறுபாட்டை மட்டும் நோக்குவதாகும். சூரியசக்திப் பம்பி ஒன்றில் உணர்தடையின் இரு முனைகளும் நிலத்திலிருந்து 48 வோல்ற்று உயரத்தில் இருக்கலாம். அந்த உயரத்தில் 50 மில்லிவோல்ற்று வேறுபாட்டை அறிவது, 48 அடி உயரமான இரு நீர்த்தொட்டிகளின் நீர்மட்டத்தில் அரை அங்குலத்திற்குச் சற்று மிகுந்த வேறுபாட்டைத் தரையில் நின்று கண்டறிவதற்கு ஒப்பாகும். பொது உயரத்தைப் புறக்கணித்து வேறுபாட்டை மட்டும் தெரிந்தெடுப்பதே இக்கருவியின் பணி. பம்பியின் வேகத்தை மாற்றும் கட்டுப்படுத்தி மின்சாரத்தை ஒரு செக்கனில் பல்லாயிரம் முறை வெட்டிவெட்டி அனுப்புவதால், அந்த அதிர்ச்சிகளால் மயங்காத பெருக்கியையே அவ்விடத்தில் இடுதல் வேண்டும்.

உணர்தடையை எங்கே இணைப்பது என்பதும் கருதத்தக்கது. சுருளுக்கும் நிலத்திற்கும் இடையில் இணைத்தல் எளிது, செலவும் குறைவு. ஆயின் வயலில் புதைத்த கம்பியை எலியோ முள்ளம்பன்றியோ கடித்து, செம்பு ஈரமண்ணில் பட்டுவிட்டால், மின்னோட்டம் உணர்தடையைத் தொடாமலே மண் வழியாகத் திரும்பிவிடும். கருவி எதனையும் அறியாது. மின்கலத்திற்கும் சுருளுக்கும் இடையில், அதாவது மேற்பக்கத்தில், இணைத்தால் வெளியே செல்லும் மின்னோட்டம் முழுவதும் அதனூடாகவே சென்றாக வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி மண் ஈரமாயிருக்கும் மலைநாட்டு வயலுக்கு மேற்பக்க இணைப்பே ஏற்றதாகும்.

வீட்டு மின்சாரத்தில் ஓடும் 230 வோல்ற்று அல்லது 400 வோல்ற்று மோட்டர்களுக்குக் கம்பியைத் தொடாமலே அளக்கும் மின்னோட்ட மாற்றி தக்கது. கம்பியைச் சூழ்ந்திருக்கும் இரும்பு வளையத்தின் மீது சுற்றப்பட்ட நுண்கம்பியில், மோட்டரின் மின்னோட்டத்திற்கு விகிதமான சிறு மின்னோட்டம் எழும். 1879ஆம் ஆண்டில் எட்வின் ஹோல் என்னும் அமெரிக்க அறிஞர் கண்ட காந்த விளைவைக் கொண்டு இயங்கும் உணரிகளும் உள. அவை நேரோட்டத்தையும் ஆடலோட்டத்தையும் ஒருங்கே அளக்கவல்லன.

இவ்வாறு பெற்ற செய்தியைக் கொண்டு கட்டுப்படுத்தி தானாகவே முடிவு செய்கின்றது. தொடங்கிய சில செக்கன்களுக்கு அது மிகையைப் பொறுத்துக்கொள்ளும். அதன்பின்னும் மிகை தணியாவிடின் மோட்டரை நிறுத்தும். மின்னோட்டம் குறித்த எல்லைக்குக் கீழே இறங்கிச் சில செக்கன்கள் நிலைத்தால், நீரில்லையென்று கொண்டு நிறுத்தும். கிணறு ஊறுவதற்கு வேண்டிய நேரம் கழிந்தபின் மீண்டும் தொடங்கும்.

உறைபனி இரவின் சோதனை

நுவரெலியாப் பகுதியில் தை, மாசி மாதங்களின் தெளிந்த, காற்றற்ற இரவுகளில் நிலத்தின் மீது உறைபனி படிவதுண்டு. உருளைக்கிழங்கின் இலையும் தேயிலையின் இளந்தளிரும் அதனால் கருகுகின்றன. தூவல் நீர்ப்பாசனம் உள்ளோர் நீரைத் தூவிப் பயிரைக் காக்கலாம். ஒரு கிராம் நீர் உறையும்போது ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுவதால், இலையின் வெப்பம் உறைநிலைக்குக் கீழே செல்லாது தடுக்கப்படுகின்றது.

ஆனால் இம்முறையில் ஒரு பேரிடர் உண்டு. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது, உறையும்போது வெளிவிட்ட வெப்பத்தைப் போல் ஏழு மடங்குக்கு மேலான வெப்பத்தைச் சூழலிலிருந்து கவர்கின்றது. ஆதலின் நடு இரவில் தூவத் தொடங்கிய பம்பி விடியுமுன் நின்றுவிடுமாயின், நனைந்த இலை நனையாத இலையிலும் மிகுதியாகக் குளிர்ந்து கெடும். தூவத் தொடங்கியவர் சூரியன் எழுந்து பனி உருகும்வரை நிறுத்தலாகாது. இத்தகைய இரவில் பம்பியின் மின்னோட்டம் இறங்கிய உடனே மணியடித்துக் கமக்காரனை எழுப்பும் கருவி, பம்பியிலும் பெறுமதி மிக்கதாகும்.

தேயிலைத் தொழிற்சாலை தரும் பாடம்

அயலிலுள்ள தேயிலைத் தொழிற்சாலைகளில் மின்னோட்டத்தை நோக்குதல் நெடுநாட் பழக்கமாகும். கொழுந்து வாட்டும் தொட்டிகளின் அடியில் விசிறிகள் மணிக்கணக்காக ஓடுகின்றன. வார்ப்பட்டி தளர்ந்து வழுக்கினால் விசிறியின் வேகம் குறையும். மோட்டரின் மின்னோட்டமும் குறையும். கொழுந்து சீராக வாடாது. உருட்டு இயந்திரத்தில் கொழுந்தை அளவுக்கு மிஞ்சி இட்டால் அம்பியர்மானியின் முள் ஏறும். முள்ளின் நிலையைப் பார்த்தே இயந்திரத்தின் குறையை அறியும் அனுபவசாலிகள் அங்கு உளர். அவ்வறிவைத் தம் மரக்கறித் தோட்டத்துப் பம்பிக்கும் பயன்படுத்துதல் கமக்காரருக்கு அரிதன்று. வலப்பனை, ஹங்குரன்கெத்த, கொத்மலைப் பகுதிகளின் நெல்வயல்களிலும், தாழ்நிலத்துக் கிணற்றுப் பாசன வயல்களிலும் இதே விதிகளே பொருந்தும்.

கமக்காரர் செய்யத்தக்கவை

தானே இயங்கும் கருவி இல்லாதோரும் கண்காணிப்பைக் கைவிட வேண்டியதில்லை. கடைகளில் கிளாம்ப் மீற்றர் எனப்படும் கவ்வுமானி ஒன்றைப் பத்துக் கமக்காரர் கூடி வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். அதன் தாடையினுள் ஒரேயொரு கம்பியை மட்டும் இடுதல் வேண்டும். போகும் கம்பியையும் திரும்பும் கம்பியையும் சேர்த்துக் கவ்வினால், ஒன்றையொன்று ஈடுசெய்து மானி சூனியத்தையே காட்டும். மின்பெட்டியில் ஒரு கம்பியைத் தனியே கவ்வத்தக்க இடம் விடும்படி மின்வினைஞரிடம் கேட்டுக்கொள்ளல் நன்று.

பம்பி செவ்வையாக ஓடும் நாளிலேயே முதல் அளவையை எடுத்தல் வேண்டும். தேதி, மின்னழுத்தம், மின்னோட்டம், குழாயின் அழுத்தம், கிணற்றின் நீர்மட்டம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுக. இறவைக் காலத்தில் வாரம் ஒருமுறையும், ஏனைய காலத்தில் மாதம் ஒருமுறையும் அளந்தால் போதும். எண்கள் படிப்படியாக ஏறுமாயின் தேய்மானம் என்று கொள்க. திடீரென மாறுமாயின் உடனே பம்பியை நிறுத்திக் காரணம் தேடுக. அயலவரின் பம்பியில் கண்ட எண்ணை அளவுகோலாகக் கொள்ளலாகாது. ஒவ்வொரு பம்பிக்கும் அதனதன் முதல் அளவையே அளவுகோல்.

மிகைச்சுமை காப்பி ஒன்றை மோட்டரோடு இணைத்து, அதனைப் பெயர்த்தகட்டிலுள்ள அம்பியருக்கே சரிசெய்து வைத்தல் வேண்டும். அது அடிக்கடி துண்டிக்கின்றது என்பதற்காக எல்லையை உயர்த்திவிடுதல், காவல் நாய் குரைக்கின்றது என்று அதன் வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

மின்னோட்டம் எல்லாவற்றையும் கூறிவிடும் என்றும் எண்ணலாகாது. வரிச்சுருளின் தண்டு அசைந்தாலும், வால்வினுள் உள்ள மென்தகட்டின் சிறு துவாரம் அடைபட்டிருந்தால் நீர் வராது. ஆதலின் வரிசையின் கடைசித் துளிவாயில் நீர் சொட்டுகின்றதா என்று நேரிற் சென்று பார்க்கும் வழக்கத்தை எக்கருவி வந்தாலும் விடலாகாது.

உயிர்க்காப்பு

ஈரமான நிலமும் மின்சாரமும் கூடுமிடத்தில் உயிராபத்து உண்டு. மோட்டரின் உலோக உடல் நிலத்தோடு இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். 30 மில்லியம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கசிவுக் காப்பியை இணைத்தல் வேண்டும். வெளிச்செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, குறைந்த பங்கு எங்கோ கசிகின்றது என்று அறிவதே அதன் செயல்முறையாகும். மின்பெட்டியைத் திறத்தல், உணர்தடையையும் மின்னோட்ட மாற்றியையும் இணைத்தல் ஆகியவற்றைத் தகுதிபெற்ற மின்வினைஞரே செய்தல் வேண்டும். மின்னோட்ட மாற்றியின் நுண்கம்பி முனைகளை மோட்டர் ஓடும்போது கழற்றினால், அவற்றில் பெரும் அழுத்தம் எழுந்து ஊறு விளைவிக்கும். ஈரக்கையோடும் வெறுங்காலோடும் எந்த அளவையும் எடுத்தலாகாது.

வெள்ளம் வருமுன் அணைகோலுதல் அறிவுடையோர் செயல். வரண்ட காலம் தொடங்குமுன், மார்கழி மாதத்திலேயே, ஒவ்வொரு கமக்காரரும் தம் பம்பியை ஓட்டி, மின்னோட்டத்தை அளந்து குறித்துவைப்பாராயின், தை மாதத்து உறைபனியிலும் பங்குனி மாதத்து வரட்சியிலும் பம்பி தம்மைக் கைவிடாது என்ற உறுதியோடு இருக்கலாம். ஐயப்பாடுகள் எழுமிடத்துத் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெறுதல் நன்று.